செல்வந்தர் வாழ்வும் ஆவணப் புகைப்படக்கலையும்: பட்டர்வொர்த், பினாங்கு

பெருஞ்செல்வர்களின் வீடு, உடை, உறவு, ஏவலாட்கள் ஆகியவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்வது ஆவணப் புகைப்படக்கலையின் ஒரு கிளை. பினாங்குத் தீவிலும், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் அடங்கிய செபராங் பிறையிலும் (அன்றைய வெல்லெஸ்லி மாகாணம்) இதன் தடம் 1860களிலிருந்து கிடைக்கிறது.

தொடக்கம்: எடின்பரோவில் பிறந்த ஜான் தாம்சன் (1837–1921) 1862இல் சிங்கப்பூருக்கு வந்தார். பின்னர் பினாங்கிலும் வெல்லெஸ்லி மாகாணத்திலும் பத்து மாதம் படமெடுத்தார். அக்கரையில் அப்போது செல்வம் என்றால் கரும்பு. பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் ஐரோப்பியத் துரைகளுடையவை. வெட்டிச் சுமந்தவர்களுள் தமிழகத்துச் சஞ்சிக்கூலிகள் (ஒப்பந்தக் கூலிகள்) இருந்தனர்.

அக்காலப் படமெடுப்பு கடும் உழைப்பு. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டும். பினாங்கு வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். சீனர்கள் இவ்வேலைக்கு இசையாததால், சென்னைப் பகுதியிலிருந்து வந்த இருவரைப் பழக்கிப் படி எடுக்க வைத்துக்கொண்டதாகத் தாம்சன் தம் 1875ஆம் ஆண்டுப் பயண நூலில் எழுதினார். அவ்விருவரையும் ஊரைச் சொல்லியே சுட்டினார்.

வளர்ச்சி: பிரித்தானியா திரும்பிய தாம்சன் 1877–78இல் லண்டன் தெருவோர ஏழைகளைப் படமெடுத்தார், 1881இல் விக்டோரியா அரசியின் புகைப்படக்காரரானார். இந்தியாவில் லாலா தீன் தயாள் ஐதராபாத் நிசாமின் அரண்மனையைப் பதிவு செய்தார். பிரித்தானிய மலாயா பற்றி 1908இல் லண்டனில் வெளியான பெருநூலில் பினாங்கு தௌக்கேகள் (சீனப் பெருவணிகர்கள்) தம் மாளிகைகளோடு காட்சி தந்தனர். இத்தகைய செல்வர் படங்களில் தம்மை எப்படிக் காட்டுவது என்பதில் செல்வர்களுக்கே பெரும் பங்கு இருந்தது.

பிற்காலக் கலைஞர்கள் செல்வத்தையே கேள்விக்கு உட்படுத்தினர். தயாநிதா சிங் 1990களில் இந்திய வசதிக் குடும்பங்களை அவர்கள் வரவேற்பறைகளிலேயே படமெடுத்தார். அமெரிக்கரான லாரன் கிரீன்ஃபீல்டு, பணமோகம் பற்றிய தம் நெடுங்காலப் பதிவுகளை 2017இல் நூலாக்கினார்.

இன்று: செபராங் பிறையைச் சேர்ந்த நிபோங் தெபாலில், ராம்ஸ்டன் குடும்பத்தின் கலிடோனியா தோட்டத்துப் பங்களா சிதைந்து நிற்கிறது. 99 கதவு மாளிகை என்று ஊரார் சொல்லும் அதைப் படமெடுக்கப் பலர் வருகின்றனர்.

முக்கியத்துவம்: மாளிகையின் தூண்களுக்கு முதல் தந்தது லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்களின் உழைப்பு. தாம்சனின் படங்களை அச்சிட்டதும் தமிழ்க் கைகளாக இருந்திருக்கக்கூடும். தோட்டப் பேரேடுகளையும் கப்பல் பதிவுகளையும் லயத்துக் குடும்பங்களின் நினைவுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் இப்படங்கள் முழுச் சான்றாகின்றன.