நான்கு மில்லிமோல் மலையேறுமா?

குருதியில் லாக்டேட் லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தொட்டால் தாங்குதிறனின் எல்லை வந்துவிட்டது என்பது ஓட்டப் பயிற்சியில் ஊறிப்போன கணக்கு. அது பழனி மேல்மலைக்குப் பொருந்துமா என்று கேட்கும் முன், சமவெளிக்கே முழுதாகப் பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

வேட்டையில் துரத்தப்பட்ட மானின் தசையில் வேதியியலாளர் பெர்சிலியஸ் லாக்டிக் அமிலம் கண்ட கதையை விரிக்கத் தேவையில்லை. அதற்கு 1807 என்றும் 1808 என்றும் ஆண்டு சொல்கிறார்கள். உழைப்போடு அமிலத்தை இணைக்கும் பகுதியோ லேமனின் நூல் வழியாகப் பின்னாளில் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுச் சிக்கல் இங்கே தீராது.

நம் எண்ணான 4இன் கதை 1976இல் ஜெர்மனியின் கொலோனில் அலோயிஸ் மாடர் குழுவினரிடம் தொடங்குகிறது. ஆனால் பயிற்றுநர்கள் சான்று காட்டுவது 1985இல் ஹெக், மாடர், ஹோல்மன் முதலியோர் அதற்கு நியாயம் கூறி எழுதிய கட்டுரையை. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது ஏறாமல் நிலைத்து நிற்கும் உச்ச லாக்டேட் அளவை அவர்கள் தேடினார்கள். கிடைத்த சராசரி 4.02. கோட்பாடு நிலைநாட்டப்பட்டது என்று முடித்தார்கள்.

அதே கட்டுரையில் சராசரிக்குப் பக்கத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது: தனியாள் அளவுகள் 3.05 முதல் 5.52 வரை பரவியிருந்தன. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 3.05இல் நிலைப்பவரை 4இல் ஓடவிட்டால் அவர் தன் எல்லையை மீறி ஓடுகிறார், 5.52காரருக்கு அதே 4 மிதமான வேலை. ஹெக் குழுவினர் இந்தப் பரவலைச் சராசரியைச் சுற்றிய விலகலாகப் படித்தார்கள். பரவல்தான் கண்டுபிடிப்பு என்பது என் வாசிப்பு. அவர்கள் எதையும் மறைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் சோதனையில் ஒவ்வொரு படியும் 5 நிமிடத்துக்குப் பதில் 3 நிமிடமானால் 3.5ஐக் கொள்ளச் சொன்னதும் அவர்களே. படியின் நீளத்துக்கேற்ப மாறும் எண்ணை உடலின் இயல்பு என்று மட்டும் எப்படிச் சொல்வது? ஸ்டேக்மனும் கிண்டர்மனும் ஆளுக்கு ஆள் தனி எல்லை வேண்டும் என்று 1981இலேயே வாதிட்டிருந்தார்கள்.

இனி மலை. சான்று மெலிந்த இடம் இதுதான். ஆகவே அழுத்திச் சொல்கிறேன். 1935இல் சிலி நாட்டு ஆண்டிஸுக்குப் போன பன்னாட்டுக் குழுவில் இருந்த எட்வர்ட்ஸ், உயரத்துக்குப் பழகியவர்கள் முற்றும் களைத்த நிலையிலும் லாக்டேட் குறைவாகவே ஏறுவதை 1936இல் எழுதினார். இதை வைத்து 'மலையில் லாக்டேட் குறையும்' என்று பொதுவாகச் சொல்வது தவறு. அங்கே பேசப்பட்டது நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர். பழனி மேல்மலையின் கொடைக்கானல் வானாய்வகம் இருப்பதோ 2343 மீட்டரில். ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. இந்த உயரத்துக்குப் புதிதாக வருபவருக்கு அதே வேகத்தில் லாக்டேட் கூடவே செய்யும். மன்னவனூர், கவுஞ்சி தாண்டிப் பூண்டிக்குப் போகும் சாலையில் ஏற்ற இறக்கம் வேறு. சென்னையில் ட்ரெட்மில்லில் குறித்த வேகத்தை அங்கே கொண்டுபோய் ஓடச்சொன்னால் பயிற்சி அளவு மீறும்.

லாக்டேட் அளக்கக் குருதித் துளி எடுப்பதிலும் கவனம் வேண்டும். மலைக்குளிரில் காதுச் சோணையின் நாளங்கள் சுருங்கும். நன்றாகத் தேய்த்துச் சூடாக்கினால்தான் தாராளமாகக் கசியும். வியர்வையிலும் லாக்டேட் உண்டு என்பதால் தோலைத் துடைத்து, முதல் துளியை ஒதுக்கி, அடுத்ததை மானியின் பட்டையில் ஏற்ற வேண்டும். இதில் சோம்பினால் வரும் பிழை, நாம் சண்டை போடும் அரை மில்லிமோலை விழுங்கிவிடும்.

இந்தியாவில் அசோக் குமார் கோஷும் உடனாய்வாளர்களும் ஹாக்கி வீரர்களைப் பற்றி 1991இலும், குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி 1995இலும் இத்தகைய அளவீடுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். அந்த எண்களையும் இன்றைய கையடக்க மானி தரும் எண்களையும் ஒரே அட்டவணையில் வைக்குமுன், அளந்தது முழுக் குருதியையா பிளாஸ்மாவையா என்று பார்க்கவேண்டும். ஒரே துளியானாலும் பிளாஸ்மாவில் எண் கூடுதலாகவே காட்டும்.