பழைய உருவம், புதிய இயந்திரம்

பழங்கால மோட்டார் சைக்கிளைத் தேடிப் போகிறவர்கள் உண்மையில் எதை வாங்குகிறார்கள்? உருண்டை முன்விளக்கு, கண்ணீர்த்துளி வடிவப் பெட்ரோல் தொட்டி, குரோம் மினுமினுப்பு. பார்வைக்கு அறுபது ஆண்டுப் பழமை; உள்ளே இருப்பதோ இக்காலத்து இயந்திரம். இந்த வியாபாரத்தின் கதைக்கு ராயல் என்ஃபீல்டைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த நிறுவனம் அது. 'புல்லட்' 1932இல் வந்தது. எல்லைக் காவலுக்கு இந்திய இராணுவம் அதைத் தேர்ந்தெடுக்கவே, 1955இல் மெட்ராஸ் மோட்டார்சுடன் கூட்டு ஏற்பட்டு, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எண்ணெய் ஒழுகாத, பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற ஜப்பானிய வண்டிகளின் முன் பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1970களின் தொடக்கத்திலேயே தாய் நிறுவனம் மறைந்தது. பிள்ளை மட்டும் சென்னையில் பிழைத்துக்கொண்டது. 1977இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

ஆனால் மாறாமலே இருப்பதும் ஆபத்து. ஐஷர் குழுமம் 1994இல் கைப்பற்றிய பிறகும் நட்டம் தீரவில்லை. 2000இல் மூடுவதா, விற்பதா என்ற பேச்சு எழுந்தபோது, இருபத்தாறு வயது சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். வலப்பக்க கியரையும் ஒழுகும் வார்ப்பிரும்பு இயந்திரத்தையும் கைவிட்டால் பழைய ரசிகர் கோபிப்பார்; கைவிடாவிட்டால் புதியவர் வரமாட்டார். உருவத்தைக் காப்பாற்றி, உள்ளுறுப்பை மாற்றினார்கள். இயந்திரமும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அடங்கின. கியர் இடப்பக்கம் வந்தது. 2009இல் வெளிவந்த 'கிளாசிக்' அலையலையாய் இளைஞர்களை இழுத்தது. 'தட், தட்' என்ற பழைய ஒலி மெலிந்துவிட்டதாக மூத்த ரசிகர்கள் குறைப்பட்டார்கள், நியாயமான குறைதான். ஆயினும் 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 இலட்சத்தைத் தாண்டியது.

பிரிட்டனின் ட்ரையம்ப் இன்னும் ஒரு படி மேலே போனது. 2001இல் மீண்டும் வந்த பொன்னவில் வண்டியில், பின்னாளில் மின்னணு எரிபொருள் கருவியைப் பழைய கார்புரேட்டர் போலவே தோன்றும்படி செய்தார்கள். இதை ஏமாற்று என்றால், வாங்குபவரும் தெரிந்தே உடன்படுகிற ஏமாற்று.

இன்று பிஎஸ்ஏ என்ற பெயர் மஹிந்திரா குழுமத்திடம் இருக்கிறது. நார்ட்டனை 2020இல் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ராயல் என்ஃபீல்டோ இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஆய்வுக்கூடம் அமைத்து, அங்குள்ள பொறியாளர்களின் துணையோடு 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளை உருவாக்கியது. 2018இல் விற்பனைக்கு வந்த அவ்வண்டிகள் தயாராவது சென்னையில்.