எழுதியவரும் முதல் போட்டவரும்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க்கடையில் வைத்து, இளைஞர் ஒருவர் நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்றை என்னிடம் நீட்டினார். கோட்டை, கோணேசர் கோயில், எண்ணெய்க் குதங்கள், பழைய தோணிக்காரரின் நினைவுகள் என்று ஊர்க்கதைகளைக் காணொளியாக்கி யூரியூப்பில் வெளியிடுபவர் அவர். ரொறன்ரோவில் வாழும் ஒருவர் அதில் முதல் போட முன்வந்திருக்கிறாராம். "வாசிச்சுப் பார்த்துச் சொல்லுங்கோ ஐயா, கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்டார். நான் சட்டத்தரணி அல்லன். ஆயினும் அந்த இடத்தில் அக்கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சரவணமுத்துப்பிள்ளையின் நினைவுதான் வந்தது.

தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்நகரிலே பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராயிருந்தவர். சொக்கநாத நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய 'மோகனாங்கி' 1895இல் சென்னையில் அச்சேறியது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதனைச் சொல்வர். அவருடைய தமையனார் கனகசுந்தரம்பிள்ளையும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அறிஞர். அவரும் சென்னையையே நாடினார். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட ஊரில் எழுத்துக்கு முதல் போட ஆள் இருந்ததில்லை போலும். துறைமுகம் பிரித்தானியக் கடற்படைக்குரியது. 1957 வரை அப்படித்தான். அங்கு புழங்கிய பணம் கப்பலுக்கும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்குமானது.

சரவணமுத்துப்பிள்ளை 1902இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே, காலமானார். அவருடைய நாவலின் சுருக்கம் 'சொக்கநாத நாயக்கர்' என்ற பெயரில் வெளிவந்து மாணவர் கைகளுக்குச் சென்றது 1919இல். ஒரு நூலுக்கு நிச்சயமான சந்தை என்றால் அது பள்ளிக்கூடம்தான். அந்தச் சந்தை திறந்தபோது எழுதியவர் உயிரோடில்லை.

அக்காலத்தில் நூல் வெளியிட விரும்பியவர்க்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சமஸ்தானங்களையும் மடங்களையும் பிரபுக்களையும் அண்டுவது. மற்றையது கையொப்பம் சேர்ப்பது: நூல் வருமுன்னரே வாங்குவதாக ஒப்புக்கொள்பவரைத் திரட்டி, அந்த நம்பிக்கையில் அச்சுக்குக் கொடுப்பது. 1887இல் சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் அவ்வாறு ஊரூராய்க் கையொப்பம் சேர்த்துத்தான் வெளியிட்டார். இன்று இணையத்தில் பலரிடம் சிறுதொகை திரட்டுவதைப் புதுமை என்று பேசுவோருக்கு இதனை நினைவூட்டலாம்.

முதலாளியும் அறிஞரும் உண்மையாகவே கைகோத்ததைக் காணவேண்டுமாயின் சுன்னாகத்துக்குப் போகவேண்டும். 1930இல் 'ஈழகேசரி' பத்திரிகையைத் தொடங்கிய நா. பொன்னையாவிடம் திருமகள் அழுத்தகம் இருந்தது. சி. கணேசையரிடம் தொல்காப்பியத்தைப் பல்லாண்டு பாடஞ்சொல்லிப் பெற்ற புலமை இருந்தது. எழுத்ததிகாரம் 1937இலும் சொல்லதிகாரம் 1938இலும் கணேசையரின் குறிப்புகளோடு வெளிவந்தன. பொருளதிகாரத்தின் பின்பகுதி வந்த ஆண்டு 1943. யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. அதற்கு மறு ஆண்டு! முன்பகுதிக்கு 1948 வரை காத்திருக்க நேர்ந்தது. பதினொரு ஆண்டுகள். உடனடி இலாபம் தேடும் எவரும் இதற்கு முதல் போட்டிருக்கமாட்டார். பொன்னையா தொழிலறியாதவருமல்லர், பத்திரிகையும் அச்சுக்கூடமும் இணைந்து நடந்தமையாற்றான் தொல்காப்பியம் தாக்குப்பிடித்தது என்பது என் எண்ணம். அதே 1930இல் கொழும்பில் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய 'வீரகேசரி' இன்றும் வருகிறது. ஈழகேசரி 1958இல் நின்றுவிட்டது. ஆனால் கணேசையர் பதிப்பை இன்றும் தேடுகிறார்கள்.

இதற்கு நேரெதிரானவர் சி. சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கியபோது எழுத்தாளரும் முதலாளியும் சுமைகூலியும் அவரே. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். அந்த எண்ணிக்கையே எட்டாக் கனியாயிற்று. அந்த இதழுக்குத்தான் திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் தபாலில் கவிதையும் கட்டுரையும் அனுப்பிக்கொண்டிருந்தான். தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள். 1997இல் வேலூருக்கு அருகே இறக்கும்வரை அவர் கையில் காசு தங்கியதில்லை.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். பணம் நியாயமானதே. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: நிறுவனம் கலைந்தாலும் காணொளிகள் அனைத்தும், இனி எடுக்கப்போவனவும், முதலீட்டாளருக்கே உரியன. தொண்ணூறு வயதுத் தோணிக்காரர் ஒருவரின் குரலும் அதில் அடக்கம். அவர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். "தம்பி, உரிமையை நீங்கள் வைத்திருங்கள். வெளியிடும் உரிமையைக் குறித்த சில ஆண்டுகளுக்கு நிறுவனத்துக்குக் கொடுங்கள். இலாபத்தில் அவருக்குத் தாராளமாகப் பங்கு கொடுங்கள்" என்றேன். அவர் பேனாவை எடுத்து அந்த வரியின் கீழ்க் கோடிட்டார். ரொறன்ரோவுக்கு அன்றிரவே எழுதியதாகச் சொன்னார். மறுமொழி இன்னும் வரவில்லை.