பழைய சைக்கிளில் ஆப்பிரிக்கா: கஷிமியெஷ் நோவாக்

1931 நவம்பர் 4. போலந்தின் போஸ்னான் நகர ரயில் நிலையத்தில் ஒருவர் பழைய சைக்கிளோடு ரயில் ஏறினார். வயது 34. வீட்டில் மனைவி மரியா, இரண்டு சின்னக் குழந்தைகள். கையில் வேலை கிடையாது. அவர் போக நினைத்த இடம் ஆப்பிரிக்கா. அதுவும் ஒரு ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு அல்ல, வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை போய், மறுபடி வடக்கே வருவதற்கு!

அவர் பெயர் கஷிமியெஷ் நோவாக். 1897இல், இன்று உக்ரைனில் இருக்கும் ஸ்ட்ரிய் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போர் முடிந்தபின் போஸ்னானுக்கு வந்து காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தார். பொருளாதார நெருக்கடியில் அந்த வேலையும் போயிற்று. வேலை போனவர்கள் வேறு வேலை தேடுவார்கள். இவர் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் எடுக்கும் படங்களையும் எழுதும் கட்டுரைகளையும் பத்திரிகைகளுக்கு விற்பது, அந்தப் பணத்தில் இங்கே குடும்பம், அங்கே பயணம். இதுதான் திட்டம். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். ஆனால் ஐந்து வருடம் அப்படித்தான் ஓடியது.

இவருக்கு முன்னும் ஆப்பிரிக்காவை நீளவாக்கில் கடந்தவர்கள் உண்டு. ஆங்கிலேயரான எவர்ட் குரோகன் 1898இல் தெற்கே தொடங்கி 1900இல் கெய்ரோவை அடைந்தார். காதலித்த பெண்ணின் மாற்றுத் தந்தையிடம் தன் தகுதியை நிரூபிக்கத்தான் இத்தனை நடை என்பார்கள் (வரதட்சணையைவிடக் கஷ்டம்தான்!). ஆனால் அவருடைய மூட்டைகளைச் சுமக்கக் கூலியாட்கள் இருந்தார்கள். நோவாக்குக்கு அப்படி யாரும் இல்லை. அவர் மூட்டையை அவரே மிதிக்க வேண்டும், மணல் வந்தால் தள்ளவும் வேண்டும்.

ரோம் வழியாக அவர் முதலில் வந்து இறங்கியது லிபியா. அப்போது அது இத்தாலியின் பிடியில் இருந்தது. எதிர்ப்புப் போரை நடத்திய உமர் முக்தாரை இத்தாலியர்கள் தூக்கிலிட்டது 1931 செப்டம்பர் 16இல். அதாவது நோவாக் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான். கிழக்கு லிபியாவில் மக்களை ஆயிரக்கணக்கில் முள்வேலி முகாம்களில் அடைத்து வைத்திருந்த காலம். சாகசம் தேடி வந்த இடத்தில் சாம்ராஜ்யம் எப்படி நடக்கிறது என்பதும் கண்ணில் பட்டது.

லிபியாவுக்குப் பின் எகிப்து, சூடான், உகாண்டா, பெல்ஜியக் காங்கோ, ருவாண்டா, ரொடீஷியா என்று தெற்கே இறங்கி, 1934இல் அகுல்யாஸ் முனையைத் தொட்டார். ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையான தென்கோடி இந்த அகுல்யாஸ்தான். அங்கிருந்து கப்பல் பிடித்து ஊருக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மனுஷர் திரும்பி வடக்கே கிளம்பினார்.

திரும்பும் வழிதான் இன்னும் சுவாரஸ்யம். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய நமீபியா) சைக்கிள் கைவிட்டுவிட்டது. சரி என்று குதிரையில் ஏறினார். அங்கோலாவுக்குப் பின் ஆறு. கசாய் ஆற்றில் ஒரு படகில் போனார். அதற்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்திருந்தார். அந்தப் படகு உடைந்துபோனது. அடுத்த படகுக்கு மனைவியின் செல்லப் பெயர். ஊர்ப் பெயர் கைவிட்டது, மனைவி பெயர் காங்கோவின் ஆறுகளில் கரை சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடை வேறு. சஹாராவில் ஒட்டகம். கடைசிப் பகுதியில் மறுபடியும் சைக்கிள். 1936 நவம்பரில் அல்ஜியர்ஸ். மொத்தம் சுமார் 40,000 கிலோமீட்டர், பூமத்திய ரேகையை ஒரு சுற்றுச் சுற்றிய தூரம்.

இதே காலத்தில் எதிர்த்திசையில் இன்னொரு பயணமும் நடந்தது. தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரண்டு ஆங்கிலேயப் பெண்கள், 600 சிசி பாந்தர் மோட்டார் சைக்கிளில் சைடுகார், டிரெய்லர் எல்லாம் பூட்டிக்கொண்டு 1934 டிசம்பர் 11இல் லண்டனை விட்டார்கள். சஹாராவைக் கடந்து 1935 ஜூலை 29இல் கேப்டவுன் சேர்ந்தார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை. இயந்திரம் இருந்தால் கண்டத்தைக் கடக்கலாம். ஆனால் மிதித்தும் நடந்தும் போனவருக்கு ஒவ்வொரு ஊரிலும் தங்க வேண்டியிருந்தது, அங்கே இருப்பவர்களோடு பேச வேண்டியிருந்தது. நோவாக்கின் எழுத்தில் மனிதர்கள் நிறைய வருவதற்குக் காரணம் அவருடைய வேகக் குறைவுதான்.

அந்த மனிதர்களைப் பார்த்ததால்தான் அவர் காலனி ஆட்சிகளைக் கடுமையாக விமர்சித்தார். இதை எந்த நேரத்தில் எழுதினார் என்பதுதான் முக்கியம். 123 வருடம் அடிமைப்பட்டுக் கிடந்து 1918இல் விடுதலை பெற்ற போலந்திலேயே, "எங்களுக்கும் ஆப்பிரிக்காவில் காலனி வேண்டும்" என்று கடல் மற்றும் காலனிக் கழகம் என்ற அமைப்பு பிரசாரம் செய்துகொண்டிருந்தது. அதே நாட்டுப் பத்திரிகைகளுக்குத்தான் இவர் எழுதினார்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பணமில்லாத நோவாக் தென்னாப்பிரிக்காவில் சுதந்திரமாகச் சுற்ற முடிந்ததற்கு அவர் தோலின் நிறமும் ஒரு காரணம். அதே சாலையில் வேலை தேடி நடந்த ஒரு கறுப்பினத் தொழிலாளி சட்டைப் பையில் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறை. சொந்த மண்ணில் அவனுக்கு இல்லாத உரிமை, ஐரோப்பாவிலிருந்து வந்த வேலையில்லாதவருக்கு இருந்தது. சாகசப் பயணக் கதைகளில் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

1936 கடைசியில் ஊர் திரும்பியவர் படங்களைக் காட்டிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஆனால் மலேரியா உடம்பைத் தின்றிருந்தது. 1937 அக்டோபர் 13இல் நிமோனியாவில் இறந்தார். வயது 40. ஐந்து வருடம் கடிதத்திலேயே கணவனைப் பார்த்த மரியாவுக்கு, அவரோடு வாழக் கிடைத்தது ஒரு வருடம்கூட இல்லை. இரண்டு வருடத்தில் உலகப் போர் வந்தது, நோவாக்கை எல்லோரும் மறந்தார்கள்.

லூகாஷ் வியெஷ்பிட்ஸ்கி என்ற எழுத்தாளர் பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த அந்தக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 2000இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். 2006 நவம்பரில் போஸ்னான் ரயில் நிலையத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள். திறந்துவைத்தவர் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ரிஷார்ட் கபுஷ்சின்ஸ்கி. அடுத்த ஜனவரியில் அவரும் இறந்துபோனார்.

2009இல் போலந்துக்காரர்கள் நோவாக் போன பாதையிலேயே ஒரு தொடர் பயணம் தொடங்கினார்கள். ஒரு குழு கொஞ்ச தூரம் போய் அடுத்த குழுவிடம் ஒப்படைக்கும் ரிலே முறை. பல குழுக்கள் மாறி மாறிப் போய், அது முடிய 2011 ஆகிவிட்டது.