ஒரு கைப்பிடி சீஸில் நால்வருக்கு உணவு

நம் பிள்ளைகள் ஆசையுடன் கேட்கும் மக்ரோனி சீஸை, நமக்குத் தொடர்பில்லாத மேலைநாட்டுப் பண்டம் என்றே நாம் எண்ணுகிறோம். உணவகத்தில் அதன் விலையைப் பார்த்துவிட்டு, நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டாத ஆடம்பரம் என்றும் ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரு எண்ணங்களையும் வரலாறு மறுக்கிறது.

மொராக்கோ கரையிலுள்ள செவுத்தாவில் பிறந்த புவியியல் அறிஞர் அல்-இத்ரீசி, சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்தபடி 1154இல் தம் நூலை நிறைவு செய்தார். பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் ‘இத்ரிய்யா’ என்ற மாவு இழைகள் பெருமளவில் தயாராவதையும், அவை முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பலில் செல்வதையும் அதில் அவர் பதிவு செய்தார். ஐரோப்பாவில் உலர்ந்த பாஸ்தா வணிகப் பொருளாக இருந்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. சிசிலியில் முஸ்லிம் ஆட்சி முடிந்து அப்போது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே ஆகியிருந்தன. உலர்த்திய மாவு நெடுநாள் கெடாது, கடற்பயணத்தைத் தாங்கும். சிக்கனத்தின் விதை அங்கேயே இருந்தது.

எனினும் அதனோடு சீஸ் சேர்ந்தபோது அது செல்வர் வீட்டு உணவாயிற்று. 1390ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையலர்கள் தொகுத்த நூலில், வேகவைத்த மாவுத் துண்டுகளை வெண்ணெயும் துருவிய சீஸுமாக அடுக்கிப் பரிமாறும் முறை காணப்படுகிறது. 1769இல் எலிசபெத் ராஃபால்டு என்ற பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில், பாலேட்டுடன் மாவில் புரட்டிய வெண்ணெயும் சேர்கிறது. 1802இல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் விருந்திலும் மக்ரோனி இடம்பெற்றது. ஜெஃபர்சன் வீட்டு அடுப்படியில் அடிமைகளும் உழைத்தனர். ஜெஃபர்சன் பாரிஸுக்கு அழைத்துச் சென்று பிரெஞ்சுச் சமையல் பயிற்றுவித்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ், தம் தம்பிக்கு அக்கலையைக் கற்பித்த பின்னரே, 1796இல் விடுதலை பெற்றார். விருந்தாளிகளின் பெயர்களைப் போற்றும் வரலாறு, சமைத்த கைகளை மறந்துவிடுகிறது.

இவ்வுணவு எளியோரிடம் மேலும் பரவத் தொடங்கியது 1937இல். பொருளாதாரப் பெருமந்தம் நீங்காத அமெரிக்காவில், கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் அடைத்து, நால்வருக்குப் போதும் என்று கூறி 19 சென்டுக்கு விற்றது. அடுத்து வந்த போர்க்காலத்தில் இறைச்சிக்கும் பால்பொருள்களுக்கும் பங்கீடு வந்தபோது அப்பெட்டி மேலும் பரவியது. சிறிதளவு சீஸைக் கொண்டு பலரின் பசியாற்றலாம் என்பதே அதன் வெற்றி.

அதற்குப் பெட்டி தேவையில்லை. ராஃபால்டு அம்மையார் பயன்படுத்திய மாவும் வெண்ணெயுமே போதும். நால்வருக்கு 250 கிராம் மக்ரோனியை உப்பு நீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். 30 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைச் சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை சிறுதீயில் வறுத்து, அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி விழாமல் கிளற வேண்டும். குழம்பு கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய சீஸ் 100 கிராம் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் சீஸ் திரிந்து எண்ணெய் பிரியும். மாவிலுள்ள மாச்சத்து கொழுப்பைப் பிரியவிடாமல் பிணைத்துவைப்பதால், குறைந்த சீஸே குழம்பு முழுவதும் பரவிச் சுவை தருகிறது. மிளகுத்தூள் தூவி மக்ரோனியுடன் கலந்தால் உணவு ஆயத்தம். மீந்துபோன ரொட்டியைப் பொடித்து வறுத்து மேலே தூவினால் அதுவும் வீணாகாது.

வாங்குமுன் ஒன்றைக் கவனிப்போம். பாலைத் திரித்துச் சீஸாக்கும் ‘ரென்னட்’ கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. ஹலால் முறையில் அறுக்கப்படாத கன்றின் ரென்னட் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. நுண்ணுயிரிலிருந்து பெறப்படும் ரென்னட்டில் இந்த ஐயம் எழாது. இந்தியாவில் பச்சைப் புள்ளியுள்ள சீஸில் விலங்கு ரென்னட் இருக்கக் கூடாது. வெளிநாடுகளில் வாழ்வோர் உறையிலுள்ள ஹலால் முத்திரையையும் சேர்மானப் பட்டியலையும் படித்து வாங்குவது நலம்.

அரசர் அவையில் சீஸின் மிகுதி பெருமையாக இருந்தது. ஏழையின் அடுப்பில் அதன் அளவு அறிவாக இருந்தது. நாம் பின்பற்ற வேண்டியது இரண்டாவதையே. வீண் விரயமின்றிச் சமைத்து, ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வீட்டில் குறைந்த பொருளும் பரக்கத்தாக நிறையும், இன்ஷா அல்லாஹ்.