இடைவிலகியவர் எங்கே போனார்?

"எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, படிக்காதவன் சோம்பேறி." நம்மவர் ஒன்றுகூடல்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாதியில் விட்டவர்மீதே முழுப் பழியையும் போடும் இந்த வாதத்துக்குத் தொலைக்கல்வியின் வரலாற்றில் ஆதாரம் கிடையாது என்பதே என் கருத்து. மாணவரைப் படிப்பில் நிலைக்கச் செய்வது எப்படி என்ற கேள்வி கணினியோடு பிறந்ததல்ல.

1840 இல் இங்கிலாந்தில் ஒரு பெனித் தபால் வந்தது. அதைப் பயன்படுத்தி ஐசாக் பிற்மன் தனது சுருக்கெழுத்தைத் தபாலில் கற்பித்தார். மாணவர் பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவர். அவை திருத்தப்பட்டுத் திரும்பி வரும். பாடத்தை அனுப்புவதில் புதுமை ஏதுமில்லை, புத்தகம் விற்பவரும் அதைத்தான் செய்தார். திருத்தித் திருப்பி அனுப்பியதுதான் புதிது.

இதை இன்னும் ஆழமாக விளங்கிக்கொண்டவர் பொஸ்ரனைச் சேர்ந்த அன்னா எலியற் ரிக்னர். பெண்களுக்கு உயர்கல்வி வாயில்கள் பெரும்பாலும் மூடியிருந்த 1873 இல், வீட்டிலிருந்தே கற்பதை ஊக்குவிக்கும் சங்கமொன்றை அவர் தொடங்கினார். முதலாண்டில் 45 மாணவியர். 24 ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேல். கற்பித்தவர்களும் ஊதியமின்றி உழைத்த பெண்களே. மாணவி தான் வாசித்ததைப் பற்றி மாதந்தோறும் எழுதுவாள். அவளுக்கென்று நியமிக்கப்பட்ட பெண் பதில் எழுதுவாள். நூல்களும் தபாலில் இரவலாகப் போய் வந்தன. பிள்ளைகளுக்கும் அடுப்படிக்கும் நடுவே படித்த ஒருத்தியின் கடிதம் ஒரு மாதம் வராவிட்டால், அது வரவில்லை என்பதை அறிந்த ஒருத்தி மறுமுனையில் இருந்தாள். 1896 இல் ரிக்னர் இறந்தார். அடுத்த ஆண்டு சங்கமும் கலைந்தது.

லண்டன் பல்கலைக்கழகத்தின் வழி வேறு. 1858 முதல் எங்கிருந்து படித்தவரும் அதன் பரீட்சைக்குத் தோற்றலாம் என்றாயிற்று. கதவு திறந்தது, ஆனால் உள்ளே ஆசிரியர் இல்லை. அந்த வெளிவாரிப் பட்டத்துக்காகவே 1921 தொடக்கம் 1942 வரை கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரைத் தயார்செய்தது. நமது பழைய தலைமுறை லண்டன் பட்டத்தைப் பெருமையாகச் சொல்லும். அதற்குப் பின்னால் கல்லூரியும் விரிவுரையும் நண்பர் கூட்டமும் இருந்ததை மட்டும் சொல்ல மறந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. மாணவர் இடைவிலகினால் யாருக்கு நட்டம்? அமெரிக்காவில் எழுத்தாளராக்குவதாக விளம்பரம் செய்த 'புகழ்பெற்ற எழுத்தாளர் பள்ளி' என்ற தபாற்கல்வி நிறுவனத்தைப் பற்றி 1970 இல் ஜெசிக்கா மிற்ஃபோர்ட் எழுதிய கட்டுரை இதை அம்பலமாக்கியது. விளம்பரத்தில் முகம் காட்டிய பிரபலங்கள் ஒப்படைகளைத் திருத்தவில்லை. மாணவர் முழுக் கட்டணத்துக்கும் ஒப்பந்தம் செய்திருந்தார். அவர் நின்றுவிட்டால் திருத்தும் செலவு மிச்சம்! இடைவிலகல் அங்கே தோல்வியல்ல, வருமானம். 1972 இல் அந்த நிறுவனம் வங்குரோத்தானது.

பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் இதற்கு நேரெதிரான முயற்சி. ஹரோல்ட் வில்சன் முன்வைத்த யோசனையை, சுரங்கத் தொழிலாளியின் மகளான ஜெனி லீ அமைச்சராக இருந்து விடாப்பிடியாக நிறைவேற்றினார். 1969 இல் சாசனம், 1971 இல் முதல் மாணவர்கள். முன்தகைமை எதுவும் கேட்கப்படவில்லை. பிபிசியில் அகாலவேளையில் வந்த பேராசிரியர்களின் தாடியும் சட்டைக் கொலரும்தான் பலருக்கு ஞாபகம். ஆனால் முதுகெலும்பு தொலைக்காட்சியல்ல. ஒரு சிறு குழுவுக்குப் பொறுப்பான பகுதிநேர ஆசிரியர் ஒப்படையின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும், கோடையில் ஒரு வாரம் கூடியிருந்து கற்ற முகாமுமே அது. அங்கும் பலர் இடைவிலகினர். எனினும் ஏன் விலகினர் என்று ஆராய்வது நிறுவனத்தின் கடமையாகக் கருதப்பட்டது.

இன்று அந்த இடத்துக்கு, மாணவர் எத்தனை தடவை உள்நுழைந்தார், எந்த நிமிடத்தில் காணொளியை நிறுத்தினார் என்று எண்ணும் மென்பொருள்கள் வந்துள்ளன. நான் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலிலும் ஒரு கருவி உண்டு. நான் வந்த நிமிடம் அதற்குத் தெரியும், வந்தவனின் முதுகுவலி தெரியாது. (விரிவுரையாளனாக நான் கூப்பிட்ட வரவு இடாப்புக்கும் தெரியாதுதான். ஆனால் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராதபோது நண்பன் ஒருவன் காரணம் சொல்வான்.)

2011 இலையுதிர் காலத்தில் செபஸ்ரியன் த்ரூனும் பீற்றர் நோர்விக்கும் ஸ்ரான்ஃபோர்டிலிருந்து நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் பதிந்தனர். முடித்தவர்கள் இருபதினாயிரத்துக்குச் சற்று மேல். பதிந்த தொகையே பத்திரிகைத் தலைப்பானது. பின்னர் த்ரூனின் நிறுவனம் 2013 இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரச பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதத்தை இணையத்தில் கற்பித்தது. மாணவரில் ஒரு பகுதியினர் வசதி குறைந்த உயர்பாடசாலைப் பிள்ளைகள். சிலரிடம் வீட்டில் கணினியே இல்லை. நேரடி வகுப்பினரைவிடக் குறைந்த வீதத்தினரே சித்தியடைந்தனர். திட்டம் இடைநிறுத்தப்பட்டது. அதற்குள் தொடங்கிவிட்ட கோடைகாலப் பிரிவில் சித்தி வீதம் உயர்ந்தது, வெற்றி என்றும் பேசப்பட்டது. அந்தப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தவர்கள்.