கசற்றில் வந்த விக்ரம்

கமல்ஹாசனின் 'விக்ரம்' 1986 மே மாத இறுதியில் திரைக்கு வந்தது. கதையோ அதற்கு முன்பே குமுதத்தில் தொடராக ஓடத் தொடங்கியிருந்தது. எழுதியவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளராக இருந்தவர் என்பதால், களவுபோகும் 'அக்னிபுத்ரா' ஏவுகணையும் அதை முடக்கக் கணினி தெரிந்த பெண்ணொருத்தி தேவைப்படுவதும் அவர் கையில் நம்பும்படி அமைந்தன. இந்தியா உண்மையான அக்னியை ஏவிப் பார்த்தது 1989 மே மாதத்தில்தான்.

படம் வந்த நேரத்தில் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த இராணுவம் ஷெல் அடித்துக்கொண்டிருந்தது. இரவில் தியேட்டருக்குப் போக யாருக்குத் துணிவு வரும்? படம் வீட்டுக்கு வந்தது, வீடியோக் கொப்பியாக. ரீவி, டெக், ஜெனரேற்றர் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. கைமாறிக் கைமாறி வந்த கொப்பியில் கோடு விழும், நிறம் வெளிறும். சனம் அசையாது.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை. ஜெனரேற்றரைத் துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதுவும் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள். கமலே பாடிய அந்தத் தலைப்புப் பாட்டை அப்படிக் கேட்பதற்குக் கை வலிக்கத்தான் வேண்டும். இளையராஜாவின் இசை அதற்குத் தகுதியானது. 1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, கசற்றுகளைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்?

படத்தின் முதல் பாதி தமிழில் வந்த உளவுப் படங்களில் மிக உயர்ந்தது என்பேன். மனைவியைப் பறிகொடுத்தவனின் ஆத்திரம், வில்லனாக வரும் சத்யராஜின் சுகிர்தராஜா, அலட்டாத பேச்சு. பிறகு கதை சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குள் புகுந்துவிடுகிறது. அம்ஜத் கான், டிம்பிள் கபாடியா, அரண்மனை, ஆட்டம். ஏவுகணையின் அவசரம் பின்னுக்குப் போய்விடுகிறது. குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடிய சனத்துக்கு, ஏவுகணை யார் தலையில் விழப்போகிறது என்பது வெறும் கதைத் திருப்பம் அல்ல. அந்தக் கேள்வியை எழுப்பிய படமே அதை நடுவழியில் விட்டது. என் மனத்தாங்கல் இதுதான்.

2022 ஜூனில் லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' வந்தது. அதே பாட்டு அதில் திரும்ப ஒலித்தது. இலங்கையில் அப்போது பெற்றோலுக்கு நீண்ட வரிசை. புதியதில் சண்டை பெரிது, ஒலியும் பெரிது. ஆனாலும் சுஜாதா எழுதிய அந்த முதல் ஒரு மணிநேரத்துக்கு அது ஈடாகாது. புதியதை மட்டும் பார்த்த பிள்ளைகள், பழையதை இடைவேளை வரையாவது பாருங்கள்.